கண்மாய்ப் பக்கத்தில் ஒரு வரி

அன்புள்ள அத்தானுக்கு, மணிமேகலை வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நானும் பிள்ளையும் நலம். மஸ்கட்டில் வேலை நேரம் மாறிவிட்டதாகச் சொன்னீர்கள். தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கவியரசனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. "அப்பாட்ட சொல்லாதம்மா, மொளச்ச பெறகு காட்டுவோம்" என்றான். சொல்லிவிட்டேன்.

போனில் பேசினால் பாதியிலேயே உங்களுக்குக் கோபம் வரும், எனக்கு அழுகை வரும். அதனால்தான் அங்கே திரும்பும் ஆனந்தராஜ் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் எட்டாம் வகுப்பின் வலைப்பூவை நீங்கள் படிப்பீர்களே, இந்த ஆண்டு அதோடு ஒரு விக்கியும் தொடங்கினோம். வலைப்பூவில் ஒருத்தர் எழுதினால் மற்றவர்கள் கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். விக்கியில் ஒரே பக்கத்தை எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து எழுதலாம், திருத்தலாம். யார் எதை மாற்றினார்கள் என்பதும் அதிலேயே பதிவாகிவிடும். நம் ஊரைப் பற்றி எழுதச் சொன்னேன். கோயில், முந்திரிக்காடு, ஆலங்குடி பஸ் என்று ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். நல்லதம்பி மகள் செவந்தி கண்மாயை எடுத்தாள். அவர்கள் வயல் கண்மாய்ப் பாசனத்தின் கடைசியில் இருக்கிறது. சில வருடங்களாகத் தண்ணீர் அதுவரை எட்டுவதில்லை.

கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்து அவள் எழுதினாள்: "மேற்குக் கரையில் உள்ள தென்னந்தோப்பு கண்மாயின் எல்லைக்குள் இருக்கிறது." யாருடையது என்று எழுதவில்லை. நம் தோப்பை ஊரில் யாருக்குத் தெரியாது?

மறுநாள் அந்த வரியைக் காணோம். அழித்தது உங்கள் அண்ணன் மகள் பிரகதாம்பாள். செவந்தி திரும்பச் சேர்த்தாள், இவள் திரும்ப அழித்தாள். ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒத்துப்போகாததை அந்தப் பக்கத்தோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது வகுப்பே சேர்ந்து வைத்த விதி. அங்கே பிரகதாம்பாள் எழுதினாள்: "அப்பா அழிக்கச் சொன்னார். அழித்தேன். ஆனால் செவந்தி எழுதியது பொய் இல்லை."

அதைக் கேள்விப்பட்டு அவள் அப்பா, பெரியத்தான், பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "ஏம்மா வாத்தியாரம்மா, அந்தத் தோப்புல ஒம் புருசனுக்கும் பங்கு இருக்குல்ல? பிள்ளைகள விட்டு நம்ம மானத்த நாமளே வாங்கிக்கிறதா? எல்லாத்தையும் அழிக்கச் சொல்லு" என்று சத்தம் போட்டார். "அழிக்க முடியாதுங்க பெரியத்தான். ஒங்க பக்கத்தையும் சொல்லுங்க, அதுவும் அங்கனயே நிக்கும்" என்றேன்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மகள்தான் தட்டெழுதினாள். கண்மாய் வறண்டு கிடந்த காலத்தில் உங்கள் அப்பா வைத்த கன்றுகள் என்றார். அன்றைக்கு யாரும் வேண்டாமென்று தடுக்கவில்லை என்றார். கடைசியாக, "தப்புன்னு தெரியும். வெட்டத்தான் மனசு வரல" என்றார். இதையும் போடட்டுமா என்று மகள் கேட்டாள். "போடு" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

இரண்டு பேர் எழுதியதும் இப்போது பக்கத்தில் இருக்கிறது. அன்று மதியம் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நேற்று செவந்தி கேட்டாள்: "தோப்பு அண்ணந்தம்பி ரெண்டு பேருக்கும் சொந்தம்னா, இன்னொருத்தங்க என்ன சொல்றாங்க டீச்சர்?" வகுப்பே என்னைப் பார்த்தது. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அந்தத் தோப்பை நம்பித்தான் ஊர் திரும்ப நினைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாதா? நீங்கள் வர வேண்டும் என்று என்னைவிட யார் ஏங்குவார்கள்? இருந்தாலும் கேட்கிறேன். அந்த உரையாடல் பக்கத்தை அங்கிருந்தே திறக்கலாம். உங்கள் மனதில் உள்ளதை எழுதுங்கள். எனக்காக வேண்டாம், அந்தப் பிள்ளைகளுக்காக எழுதுங்கள். நீங்கள் என்ன எழுதினாலும் நான் ஒரு எழுத்துப்பிழைகூடத் திருத்த மாட்டேன்.

முத்துமாரி உங்களுக்குத் துணையிருப்பாள்.

உங்கள்
மணிமேகலை