கல்வெட்டில் வந்த அப்பா

இணுவில்,
04.03.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

போனில் கதைத்தால் அழுகைதான் முந்துகிறது. அதனால் ஈமெயிலில் எழுதுகிறேன். அம்மா இன்னும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

அப்பா செத்த முப்பத்தோராம் நாளில் வருகிறவர்களுக்குக் கொடுக்க நீங்கள் எழுதிய கல்வெட்டை, அந்த நினைவுப் புத்தகத்தை, வாசித்தேன். ‘நேரம் தவறாத இயந்திரவியலாளர்’ என்று போட்டிருக்கிறீர்கள். பெரியப்பா, அப்பா தண்ணீர்ப் பம்ப் திருத்தினவர். செவ்வாய் வருகிறேன் என்றால் வெள்ளிக்கிழமை போவார். ஒருமுறை சுன்னாகத்தில் பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கோயிலில் தவில் கேட்கிறது என்று சைக்கிளில் ஏறிவிட்டார். “வெங்காயம் வாடுது, சோமசேகரம் மேளம் கேக்கப் போயிட்டார்!” என்று தோட்டக்காரர் எங்கள் படலையில் நின்று கத்தினார். அடுத்த முறையும் அவர் அப்பாவைத்தான் கூப்பிட்டார். அதையெல்லாம் எழுதுவோமே. படமும், சாரம் கட்டிக்கொண்டு பம்படியில் நின்று சிரிக்கிறாரே, அதைப் போடுங்கோ. வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் பெறாமகள்,
ஆரபி

லண்டன்,
07.03.2025

அன்பு மகள் ஆரபிக்கு,

அம்மாவைக் கஞ்சியாவது குடிக்கச் சொல்.

நீ சின்னப்பிள்ளை. வேலையைப் பாதியில் விட்டுப் போனான் என்று அச்சடித்தால் ஊர் சிரிக்கும். நாளைக்கு உனக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்களும் அதைத்தான் வாசிப்பார்கள். தம்பியின் படத்துக்குக் கோட்டும் கழுத்துக்கு ரையும் போடச் சொல்லி அச்சகத்துக்கு அறிவித்துவிட்டேன். யோசிக்காதே.

பெரியப்பா,
சண்முகநாதன்

இணுவில்,
11.03.2025

பெரியப்பா,

அச்சகத்துக்கு நானே போனேன். “லண்டன் ஐயா சொல்லாமல் ஒரு எழுத்தும் மாத்தேலாது, தங்கச்சி” என்கிறார்கள். அம்மாவிடம் சொன்னால், “எல்லாம் அவர்தானே பாக்கிறார். நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது?” என்கிறா. நான் யாரிடம் போவேன்? எழுத்து எப்படியும் இருக்கட்டும். படத்தையாவது மாற்றுங்கோ. கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஆரபி

லண்டன்,
15.03.2025

மகள்,

புத்தகம் அச்சடித்து முடிந்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய இயலாது.

எங்கள் ஐயா செத்தபிறகு அவனை வளர்த்தவன் நான். மூன்று தரம் நல்ல வேலை எடுத்துக் கொடுத்தேன். மூன்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தான். நாற்பது வருசம் ஏசினேன். கடைசியாகப் போனில் கதைத்ததும் ஏச்சுத்தான். அவன் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். நான் நினைத்தமாதிரி அவன் இருந்தது இந்தப் புத்தகத்தில் மட்டும்தான். இதையும் விடச் சொல்லாதே. டொக்டர் விமானம் ஏற விடாததால் வந்து அழவும் வழியில்லை.

சண்முகநாதன்

இணுவில்,
21.03.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நேற்று எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டா. உங்கள் மீது கோபம் இருந்தது. கடிதம் கண்டபிறகு அதையும் வைத்திருக்க முடியவில்லை.

புத்தகத்தை வாசலில் நின்று நான்தான் கொடுத்தேன். பண்டத்தரிப்பிலிருந்து, அப்பா பம்ப் திருத்திக் கொடுத்த ஒரு வயதான கமக்காரர் பஸ்ஸில் வந்திருந்தார். அட்டையில் இருந்த கோட்டுப் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு பக்குவமாக என் கையிலேயே திருப்பித் தந்தார்.

“இது ஆரோ பெரிய மனுசன்ரை போலை கிடக்கு, பிள்ளை. சோமசேகரத்தின்ரை புத்தகம் வந்தால் எனக்கும் ஒண்டு எடுத்து வையுங்கோ.”

ஓம் என்று சொல்லிவிட்டேன், பெரியப்பா.

ஆரபி