எண்ணெய்த் தலையில் சூட்டு இடுக்கி

வைதேகி,

நீ கோவிலுக்குப் போன நேரத்துல, உன் தலை சுருட்டற இடுக்கியை ஸ்டவ்ல காய வெச்சு என் தலையிலேயே பிடிச்சுப் பார்த்தேன். நேத்து உன் சுருட்டையை இடியாப்பம்னு சொன்னேனே, அதுல அப்படி என்னதான் இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான். வழக்கம்போல தலை நிறையத் தேங்காயெண்ணெய் தடவிண்டிருந்தேன். இடுக்கி பட்டதும் கடுகு தாளிக்கற மாதிரி ஒரு சத்தம். ஆத்துல பூரா பொசுங்கல் நாத்தம்.

எண்ணெயை முதல்ல அலசிடணும்னு நீ ஏன் சொல்லலை? (நாம பேசிக்கலைங்கறது ஞாபகம் இருக்கு.)

எதிராத்து மாமி ஓடி வந்து என்ன தீயறதுன்னு கேட்டா. அப்பளம் சுட்டேன்னு சொல்லிட்டேன். சாவியை அவாகிட்டதான் குடுத்துட்டுப் போறேன். இதைப் படிச்சதும் நிஜமாவே ரெண்டு அப்பளம் சுட்டு அவாளுக்குக் குடுத்துடு, எதிர்பார்த்துண்டிருக்கா.

பால் காய்ச்சி மூடி வெச்சிருக்கேன். இடுக்கி ஜன்னல்ல ஆறிண்டிருக்கு, தொட்டுடாதே.

சாயங்காலம் சயான் கல்யாண மண்டபத்துல எங்க ஆபீஸ் தேஷ்பாண்டே பொண்ணோட ரிசப்ஷன். வரமாட்டேன்னு சொன்னே. வா. நேத்து மாதிரியே சுருட்டிண்டு வா.

ராகவன்

பி.கு.: முன்நெத்தியில மட்டும் ஒரு சுருள் நின்னுடுத்து. தண்ணி தடவினாலும் படியலை. இதோடதான் ஆபீஸ் போறேன், எல்லாரும் சிரிக்கப் போறா.

இன்னொண்ணு: கண்ணாடியில நன்னாப் பார்த்துட்டேன். எனக்குத்தான் இடியாப்பம். உனக்கு இல்லை.