கலாஸ் என்று இரண்டு தடவை

முவைலா கேம்ப், ஷார்ஜா
14.5.2007

அன்புள்ள தங்கச்சி நாகவள்ளிக்கு, அண்ணன் வீரபாண்டி எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வழியில்லை. சனிக்கிழமை போனில் செய்தி சொன்னபோது நீ போட்ட கூச்சல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. விவரம் கேட்கக்கூட உன்னால் முடியவில்லை. அதனால் கடிதமாக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நடந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டில் எங்களுக்கு வேலை என்று மாப்பிள்ளை முனியசாமி உனக்குச் சொல்லியிருப்பான். கடல்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய வீடு. ராமேஸ்வரம் பக்கம் பழைய சுவர்களில் பார்த்திருப்பாய், ஓட்டை ஓட்டையாக, தொட்டால் கையைக் கிழிக்குமே, அதே மாதிரிக் கல். பழைய வீடு என்பதால் சொந்தக்காரரே ஆனாலும் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. அதற்கென்று இங்கே ஒரு கமிட்டி இருக்கிறது. ஜன்னலை அரையடி பெரிதாக்க வேண்டுமானாலும் படம் போட்டு அவர்களிடம் கொடுக்க வேண்டும். மூன்று பேர் வந்து சுவர் சுவராகத் தட்டிப் பார்ப்பார்கள், டேப் பிடிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். இதை மாற்றலாம், இதைத் தொடக்கூடாது என்று எழுதித் தருவார்கள். முதலாளி அங்கே ஹோட்டல் வைக்கப்போகிறார். தெருப்பக்கச் சுவரை எடுத்துவிட்டு முழுக்கக் கண்ணாடி போட வேண்டும் என்று இரண்டு முறை கேட்டார். கமிட்டி இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டது.

அந்தச் சுவர்தான் விழுந்துவிட்டது. தானாகவே விழுந்தது. உப்புக் காற்றில் அரித்துப்போன சுவர். மாப்பிள்ளை உள்ளே நின்றான். உடனே உயிர் போய்விட்டது, வலி தெரிந்திருக்காது.

எனக்கு ஒன்றும் இல்லை. கல்லைப் புரட்டும்போது கையில் சின்னக் காயம், அவ்வளவுதான். பேப்பர் வேலைகளைக் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. இந்தக் கடிதமும் அவர்களுடைய பேப்பர்களோடு சேர்ந்துதான் வருகிறது. ஃபோர்மேன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், அதனால் நீட்டி எழுத முடியவில்லை.

ஒன்று மட்டும் அண்ணன் பேச்சாகக் கேள். பெட்டி வந்தால் திறக்காதே. அப்படியே கொண்டுபோய் அடக்கம் பண்ணிவிடுங்கள். பிள்ளை பானுமதியைப் பக்கத்தில் விடவே விடாதே.

கடவுள் உனக்குத் தைரியம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் வீரபாண்டி


முவைலா கேம்ப், ஷார்ஜா
17.6.2007

நாகவள்ளிக்கு, வீரபாண்டி எழுதுவது.

அன்புள்ள தங்கச்சி என்று தொடங்கவில்லை. ஏன் என்று இதைப் படித்து முடிப்பதற்குள் உனக்குத் தெரிந்துவிடும். நீ எட்டாவது வரை படித்தவள், இதை நீயே படி. யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. இது கம்பெனி வழியாக வரவில்லை. லீவில் ஊருக்கு வருகிற ஒருவர் மதுரையில் இறங்கித் தபால் பெட்டியில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். போனில் சொல்லலாம்தான். போனில் நீ அழுகிறாய், நான் பொய் சொல்கிறேன்.

உன் கடிதம் பத்தாம் தேதி வந்தது. சொல்லியும் கேட்காமல் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாய். கம்பெனி ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து, உன் புருஷன் கதவு திருடப் போய்த்தான் செத்தான் என்று தெருவில் நின்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். பானுமதியைப் பள்ளிக்கூடத்தில் திருடன் மகள் என்கிறார்களாம். என் புருஷன் திருடினாரா இல்லையா, ஒரு வரி எழுதுங்கள் அண்ணே என்று கேட்டிருக்கிறாய்.

திருடவில்லை. என் தாய் மேல் ஆணை, ஒரு ஆணிகூட எடுக்கவில்லை. சுவர் தானாக விழவும் இல்லை. முதல் கடிதத்தில் நான் எழுதியது அத்தனையும் பொய்.

அந்த வெள்ளிக்கிழமை லீவு நாள். கமிட்டி ஆபீஸ் பூட்டிக் கிடக்கும். ஃபோர்மேன் எங்கள் இரண்டு பேரை மட்டும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனான். இன்றைக்குச் சுவர் தானாக விழ வேண்டும் என்றான். விழுந்த சுவரைப் பற்றிக் கமிட்டி என்ன பேச முடியும், அப்புறம் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. மாப்பிள்ளை முடியாது என்றான். முந்தின வாரம் கமிட்டிக்காரர்கள் அளக்க வந்தபோது டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான். தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னான். ஃபோர்மேன் அவனை ஒன்றும் செய்யவில்லை. எனக்குக் கன்னத்தில் ஒரு அறை விட்டான். உன் ஆளை நீ சரி பண்ணு என்றான்.

நாகவள்ளி, என் கோபம் உனக்குத் தெரியும். உன் கல்யாணப் பந்தலிலேயே நான் இரண்டு பேரை அடித்தவன். அறைந்தவனைத் திருப்பி அறைய முடியாத கோபத்தை மாப்பிள்ளை மேல் காட்டினேன். "கமிட்டிக்காரனாடா உனக்கு விசா குடுத்தான்? போடா உள்ள" என்று சட்டையைப் பிடித்துத் தள்ளினேன். அவன் உள்ளே போனான்.

வேலை இப்படித்தான். உள்ளே இருப்பவன் சுவருக்கு முட்டுக் கொடுத்த கட்டைகளை ஒவ்வொன்றாக எடுப்பான். வெளியே இருப்பவன் பிரேக்கர் மிஷினால் சுவரின் அடியை நீளவாக்கில் அறுத்துக்கொண்டு வருவான். கட்டை எல்லாம் எடுத்து ஆள் பின்வாசல் வழியாக வெளியே வந்ததும் ஒரு சத்தம் கொடுப்பான். கலாஸ் என்பான். முடிந்தது, நான் வந்துவிட்டேன், இனி அடிக்கலாம் என்று அர்த்தம்.

தமிழன் தமிழனிடம் ஏன் அரபி வார்த்தை பேச வேண்டும் என்று கேட்பாய். போன வருஷம் நானும் அவனும் சைட்டில் ஏதோ பேசிச் சிரித்தோம். தன்னைத்தான் கிண்டல் பண்ணுகிறோம் என்று நினைத்து ஃபோர்மேன் மண்வெட்டிக் காம்பால் மாப்பிள்ளையைக் காதோடு சேர்த்து அடித்தான். குளிக்கும்போது தண்ணீர் போய் ஒரு காது மந்தமாகிவிட்டது என்று உனக்கு எழுதினானே, அது தண்ணீர் இல்லை. அன்றிலிருந்து சைட்டில் தமிழ் கிடையாது. கிளம்பு என்பதற்கு யல்லா, இல்லை என்பதற்கு மாஃபி, அப்புறம் கலாஸ், இதுதான் பேச்சு. பழகிப் பழகி நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றாலும் அதுவேதான் வாயில் வரும்.

நான் அறுத்துக்கொண்டிருந்தேன். ஃபோர்மேன் பின்னால் நின்று ஜல்தி ஜல்தி என்று என் பிடரியில் தட்டிக்கொண்டே இருந்தான். அந்தச் சுவரை அவன் மூஞ்சியாக நினைத்துத்தான் குத்தினேன். மிஷின் சத்தத்துக்குள், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாப்பிள்ளை குரல் கேட்டது. "கலாஸ்! கலாஸ்!" இரண்டு தடவை. ஒரு தடவைதான் சொல்வது வழக்கம். சீக்கிரம் முடி என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். முழு பலத்தையும் கொடுத்து மிஷினை உள்ளே இறக்கினேன்.

சுவர் உள்பக்கமாகப் போனது. தரை அதிர்ந்தது. வாயெல்லாம் சுண்ணாம்பு. பின்வாசலைப் பார்த்தேன், ஆள் இல்லை. பெயர் சொல்லிக் கத்தினேன்.

கையால் தோண்டினேன். முதலில் கிடைத்தது முழங்கை. பிடித்து இழுத்தபோது எலும்பு தனியாக அசைந்தது, விட்டுவிட்டேன். நெஞ்சின் மேல் கிடந்த கல்லை என்னால் தனியாகப் புரட்ட முடியவில்லை. முகத்தைத் துடைத்தேன். கண் திறந்திருந்தது, இரண்டு கண்ணிலும் சுண்ணாம்பு. வாயிலிருந்து ரத்தமும் மண்ணும் குழம்பாக வந்தது. வலி தெரிந்திருக்காது என்று எழுதினேன். கால் மணி நேரம் மூச்சு இருந்தது, நாகவள்ளி. ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று ஃபோர்மேன் காலைப் பிடித்தேன். அவன் என்னை எட்டி உதைத்துவிட்டு முதலில் பிரேக்கரை வண்டியில் ஏற்றினான். அதைக் கொண்டுபோய் மறைத்துவிட்டு வந்த பிறகுதான் போன் போட்டான். அடித்தது உன் கை, வாயைத் திறந்தால் உனக்குத்தான் ஜெயில் என்றான். பயந்துவிட்டேன். அவன் சொன்னதை அப்படியே உனக்கு எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். இஞ்சினியர் அம்மா ஒருவர், மண்ணில் மண்டியிட்டு, கையாலேயே மண்ணை விலக்கி விலக்கிச் சுவரின் அடியைத் தேடிக் கண்டுபிடித்தார். அவர்களுக்குப் படம் போடுகிறவர் கலீலுர் ரஹ்மான் என்று ஒரு கீழக்கரைக்காரர். பழைய படத்தை விரித்து ஒவ்வொரு கல்லாகச் சரி பார்த்தார். தானாக விழுந்த சுவர் இப்படி ஒரே நேர்கோட்டில் அறுந்திருக்காது, இடித்தவர்கள் யார் என்று தெரிய வேண்டும், தெரிகிறவரை இந்த வீட்டில் ஒரு கல் நகரக்கூடாது என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் கம்பெனி பேச்சை மாற்றியது. முனியசாமி யாருக்கும் தெரியாமல் தனியாகப் போய், செதுக்கிய தேக்குக் கதவைத் திருடுவதற்காகச் சுவரை இடித்தான் என்றார்கள். சாட்சிக்கு அவன் கட்டிலுக்கு அடியில் ஒரு கதவுப் பலகையைக் கொண்டுவந்து வைத்தான் ஃபோர்மேன். வைக்கும்போது நான் பார்த்தேன். மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் சோற்றுத் தட்டாலேயே அவன் வாயில் அடித்தேன். இரண்டு பல் போயிற்று. சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் ஆட்கள் நாலு பேர் என்னைத் தரையில் அழுத்தி, வலது கை விரல் இரண்டைப் பூட்ஸால் மிதித்து ஒடித்தார்கள். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். இடது கையால் எழுதுகிறேன், நாலு நாளாக.

அடி வாங்கியும் நான் கமிட்டியிடம் போகவில்லை. கலீலுர் ரஹ்மான் இரண்டு முறை டீக்கடைக்குத் தேடி வந்தார். "அண்ணே, நாங்க சுவத்தைப் பத்தித்தான் கேட்போம். ஆனா எங்க பேப்பர் போலீசுக்குப் போகும். திருட்டுன்னு எழுதிட்டா அப்புறம் அழிக்க முடியாது" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். ஜெயிலுக்குப் பயம். அதோடு எனக்குள் ஒரு சமாதானமும் இருந்தது. அவன் கலாஸ் சொன்ன பிறகுதானே அடித்தேன், வெளியே வராமல் வந்துவிட்டேன் என்று சொன்னது அவன் பிழைதானே என்று. ஒரு மாதம் அதைச் சொல்லிக்கொண்டுதான் சோறு தின்றேன்.

உன் கடிதத்தில் இன்னொன்று கேட்டிருக்கிறாய். உள்ளங்கை இரண்டிலும் தோலே இல்லையே, ஏன் அண்ணே என்று.

அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். நான் தோண்டி எடுத்தவன், முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், உள்ளங்கையைப் பார்க்கவில்லை. கதவு தூக்குகிறவன் கை அப்படி ஆகாது. கடல்கல்லில் இரண்டு கையையும் ஊன்றி, சாய்ந்து வருகிற சுவரைத் தாங்கி நின்றவன் கைதான் அப்படி உரியும். வெளியே ஓடலாம் என்றால் அறை வாசல் நாலடி தூரம். கையை விட்டிருந்தால் அந்தக் கணமே சுவர் அவன் மேல் போயிருக்கும். நான் நிறுத்திவிடுவேன் என்று நம்பித்தான் தாங்கிக்கொண்டு கத்தியிருக்கிறான்.

இங்கே டீக்கடையில் சீனி போடும்போது போதும் என்பதற்கும் கலாஸ் என்றுதான் சொல்வோம். முடிந்தது என்பதற்கும் அதுதான், நிறுத்து என்பதற்கும் அதுதான். அவன் நிறுத்து என்றான். நான் அடி என்று கேட்டேன். "நிறுத்து மச்சான்" என்று கத்தியிருந்தால் நான் மிஷினைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அடித்து வெளியேற்றிவிட்டார்கள், நானும் மறந்துவிட்டேன்.

உன் புருஷனைக் கொன்றது என் கை. கோபத்தோடு உள்ளே தள்ளியதும் நான்தான். பெட்டியைத் திறக்காதே என்று நான் எழுதியது உனக்காக இல்லை, எனக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

நாளைக் காலை பத்து மணிக்குக் கமிட்டி கூடுகிறது. சுவரை இடித்தது யார் என்று முடிவாக எழுதப்போகிறார்கள். நான் போகிறேன். கலீலுர் ரஹ்மான் அரபியில் எடுத்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மிஷின் எங்கே இருக்கிறது, பலகையை யார் வைத்தது, என்னை அடித்தது யார், நான் அடித்தது எதை, எல்லாம் சொல்லிவிடுவேன். உன் கடிதத்தில் உள்ளங்கையைப் பற்றி எழுதியிருக்கிற பக்கத்தை அவர்களிடம் கொடுக்கப்போகிறேன். உன்னைக் கேட்காமல் கொடுக்கிறேன், பொறுத்துக்கொள். அங்கிருந்து ரூமுக்குத் திரும்பி வருவேன் என்று தோன்றவில்லை. போலீஸ் வந்து நிற்கும் என்றுதான் கலீலுர் ரஹ்மானும் சொன்னார். என் வீட்டில் இப்போதைக்குச் சொல்லாதே.

கமிட்டி எழுதுகிற தாளின் நகல் ஒன்றை உன் விலாசத்துக்கு அனுப்புவதாக அவர் சொல்லியிருக்கிறார். அரபியில்தான் இருக்கும். அதில் திருட்டு என்ற வார்த்தை இருக்காது. பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் காட்டு. அந்த ஏஜெண்ட் மறுபடி தெருவில் நின்றால் அவன் மூஞ்சியிலும் காட்டு.

அவர் கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கடிதத்தின் ஓரத்தில் சின்னதாகக் கேட்டிருந்தாய். சொன்னான். பானுமதி என்றைக்காவது கேட்டால், உன் அப்பா போதும், நிறுத்து என்று சொன்னார், கேட்க வேண்டியவனுக்குத்தான் கேட்கவில்லை என்று சொல்.

எனக்கு ஒரு வரி எழுது. கலீலுர் ரஹ்மான் விலாசத்தைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், நான் எந்த ஜெயிலில் இருந்தாலும் கொண்டுவந்து கொடுப்பார். திட்டி எழுது, சாபம் விடு, மண்ணை வாரித் தூற்று, எதுவானாலும் சரி. ஆனால் நம் ஊர்ப் பேச்சில் எழுது, நாகவள்ளி. இன்னொரு வார்த்தையை மாற்றிப் புரிந்துகொள்ள எனக்குத் தெம்பு இல்லை.

வீரபாண்டி