ஒரு வாளித் தண்ணீர்

கிள்ளான்
3 நவம்பர் 2024

அமுதாவுக்கு,

இங்கே நலம். அங்கே உனக்கென்ன குறை. போனை அடைத்துப் போட்டுவிட்டு, "பேச வேண்டியதை எழுதி அனுப்பச் சொல்" என்று உன் தங்கை சந்திரகலாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். தங்கை வீட்டில் உட்கார்ந்துகொண்டு புருஷனுக்கு உத்தரவு. சரி, எழுதுகிறேன்.

தீபாவளிக்கு இந்த வீட்டில் விளக்கு எரியவில்லை. விடுதியிலிருந்து வந்த மாதவியும் பையை வைத்த கையோடு உன்னிடம் கிளம்பிவிட்டாள். நான் கடையில் சாப்பிட்டேன்.

பொம்பா தீயணைப்பு நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. பக்கத்து வீட்டு ரமணி அக்காவின் தையல் கொட்டகைச் சுவரை ஒட்டி வைத்த சூடான சாம்பலிலிருந்துதான் தீ பிடித்ததாம். நான் அன்றைக்கே எல்லார் முன்னாலும் சொன்னேன், நீ முறைத்தாய். முறுக்குக்குக் கரி அடுப்பு வேண்டாம், கேஸ் போதும் என்று எத்தனை வருஷம் சொன்னேன்? கேஸில் சுட்டால் ருசி வராது என்றாய். இப்போது தையல் மெஷினை இழுக்கப் போன அக்காவின் வலது கை வெந்து கிடக்கிறது. தையல்காரிக்கு வலது கை போனால் என்ன மிச்சம்?

அடுப்பை இடித்ததுதான் உன் கோபம் என்றால், திரும்பக் கட்டினாலும் இடிப்பேன். இனி வீட்டில் கரி மூட்டமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேர்.

முகுந்தன்


ஸ்ரீ கெம்பாங்கான்
8 நவம்பர் 2024

மாதவி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் நான்கு வார்த்தை கத்துகிறீர்கள். தாளில் குறுக்கே கத்த முடியாது. அதனால்தான் எழுதச் சொன்னேன்.

அடுப்பை இடித்ததற்காக நான் கிளம்பவில்லை. கடப்பாறையைப் பிடித்துக்கொண்டு நம் குடியிருப்பே பார்க்க, "இவ ஒருத்தி போதும் லா, தாமானையே கொளுத்திடுவா" என்றீர்கள். சிலர் சிரித்தார்கள். அதற்காகக் கிளம்பினேன்.

இந்த மூன்று வாரமாக, தீப்பிடிப்பதற்கு முந்தின சனிக்கிழமையைத்தான் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசி ஈடு முறுக்கை ஆறு மணிக்கு எடுத்தேன். கங்குகளை நடுவில் கூட்டினேன். மேலே சாம்பலைப் போட்டு மூடினேன். அப்படி மூடி வைத்தால் மறுநாளும் உள்ளே உயிரோடு இருக்கும், விசிறினால் போதும், புதுக் கரி பாதி மிச்சமாகும். பழைய சாம்பலை மட்டும் வழித்து பிஸ்கட் டின்னில் போட்டுச் சுவரோரம் வைத்தேன். இரும்பு டின், மூடி போட்டது. இரண்டு நாள் ஆறிய பிறகே கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். பதினாறு வருஷமாக இதே முறை. மறுநாள் எள்ளும் ஓமமும் வாங்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போனேன். ஐந்து மணி ரயிலில் இறங்கி வந்தால் சந்தில் பொம்பா வண்டி நிற்கிறது. தகரக் கூரை அடுப்பின் மேலேயே சரிந்து கிடந்தது. ஒன்றையும் பார்க்க முடியவில்லை.

டின் மூடியை அழுத்தி மூடினேனா? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அந்தச் சந்தேகத்தில்தான் மருத்துவமனைக்குப் போய் ரமணி அக்காவின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பதினாறு வருஷம் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் வாழ்ந்தோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்னைத் தூங்கவிடவில்லை. அந்த முகம் என் பக்கம் திரும்ப வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

நீங்கள் கேட்ட மாதிரி எழுதிக் கொடுக்க முடியாது.

அமுதவள்ளி


கிள்ளான்
12 நவம்பர் 2024

அமுதா,

நான்கு பக்கம் எழுதி அடுப்புப் பாடம் நடத்துகிறாய். உன் டின், உன் மூடி, உன் முறை. அந்த முறையில்தான் கொட்டகை எரிந்தது.

நான் உன்னைக் கொலைகாரி என்று சொல்லவில்லை. தவறு யாருக்கும் நடக்கும். முழுசாக ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிய பிறகும் சாக்குக்குள்ளே நெருப்பு கனிந்துகொண்டிருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்? அதைத்தான் நானும் எல்லாரிடமும் சொல்கிறேன், வேண்டுமென்று செய்யவில்லை என்று. உனக்காகத்தான் பேசுகிறேன். நீயோ என்னை எதிரி மாதிரி பார்க்கிறாய்.

சனிக்கிழமை வந்துவிடு. சட்டையெல்லாம் அழுக்கு.

முகுந்தன்


ஸ்ரீ கெம்பாங்கான்
16 நவம்பர் 2024

மாதவி அப்பாவுக்கு,

இன்று சனிக்கிழமை. நான் வரவில்லை.

உங்கள் கடிதத்தை சந்திரகலாவிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். என் கண்தான் தப்பாகப் படிக்கிறதோ என்று பார்த்தேன். அவளும் அந்த இடத்தில் நிறுத்தி, "தண்ணியா? சாக்கா? நீ டின்னுன்னுதானக்கா சொன்னே?" என்று கேட்டாள்.

அந்த அடுப்பில் நான் ஒருநாளும் தண்ணீர் ஊற்றியதில்லை. சூட்டில் ஊற்றினால் செங்கல் வெடிக்கும். சாம்பல் மேலே குழைந்து களிம்பு மாதிரி மூடிக்கொள்ளும், அடியில் கங்கு அப்படியே இருக்கும். அதை வாரிச் சாக்கில் கட்டினால் ஐந்து மணி நேரமோ ஆறு மணி நேரமோ கழித்துச் சாக்கைத் தின்றுவிட்டு வெளியே வரும். கரி அடுப்பு வைத்திருக்கிற யாருக்கும் இது தெரியும். தெரியாத ஒருவர்தான் அப்படிச் செய்திருக்க முடியும்.

பொம்பா அறிக்கையில் சாம்பல் என்று மட்டும்தான் இருக்கிறது என்று நீங்களே எழுதினீர்கள். வாளியும் சாக்கும் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தது நீங்கள் ஒருவர்தான்.

அமுதவள்ளி


கிள்ளான்
22 நவம்பர் 2024

அன்புள்ள அமுதாவுக்கு,

ஒரு வாரமாக எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து இதை எழுதுகிறேன்.

அன்று மத்தியானம் திருச்செல்வம் சார் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தார். சூப்பர்வைசர் பதவிக்குப் பெயர் கொடுக்கப் போகிறவர் அவர். வீட்டுக்குள் நுழைந்தால் பின்வாசல் வரை தெரிகிறது, கரி, சாம்பல், கறுத்த தகரம். எஸ்டேட் தொழிலாளர் லயம் மாதிரி இருக்கிறது என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. பத்து மணிக்கு அடுப்பில் தண்ணீர் ஊற்றி, வாரிச் சாக்கில் போட்டு, கண்ணில் படாமல் அக்கா கொட்டகை ஓரம் வைத்தேன். அவர் இரண்டு மணிக்குக் கிளம்பிப் போனார். மூன்றரைக்குப் புகை வந்தது.

கூட்டம் சேர்ந்ததும் "யார் வச்சது, யார் வச்சது" என்று கத்தினார்கள். வாயில் உன் பெயர் வந்துவிட்டது. வந்த பிறகு எப்படித் திரும்ப எடுப்பது?

இப்போது யோசித்துப் பார். அக்கா வழக்குப் போடவில்லை. நீ மன்னிப்புக் கேட்டாயிற்று. பெண்பிள்ளை கைத்தவறு என்று தாமானே விட்டுவிட்டது. நான் என்று தெரிந்தால் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவி போகும், சாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். உனக்கு ஆனது ஆகிவிட்டது, எனக்கும் ஏன் ஆகவேண்டும்? இது நமக்குள் இருக்கட்டும். நானே அடுப்பைக் கட்டித் தருகிறேன், பழையதைவிடப் பெரிதாக.

உன்
முகுந்தன்


கிள்ளான்
30 நவம்பர் 2024

மாதவி அப்பாவுக்கு,

மேலே இருக்கும் ஊரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இதை ரமணி அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் ஐந்து மணிக்கு வந்து கேட்டைத் திறந்ததும், காற்றாடியைப் போட்டதும், போனில் யாரையோ திட்டியதும் கேட்டது. கூப்பிடவில்லை.

"உனக்கு ஆனது ஆகிவிட்டது." அந்த ஒரு வரியை நாலைந்து நாளாக வைத்துக்கொண்டிருந்தேன். நெருப்பு வைத்ததைக் கூட அறியாமை என்று விட்டுவிடுவேன். அந்த வரியை அறிந்தே எழுதினீர்கள்.

இன்று காலை அக்காவிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்று வந்தேன். வாசலில் நின்று, "அக்கா, அது நான் இல்ல" என்று ஆரம்பித்தேன். அவர் கட்டுப் போட்ட கையோடு வந்து கதவைத் திறந்துவிட்டு, "இப்பத்தான் வாய் தொறந்துச்சா?" என்றார்.

அவருக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அன்று காலை துணி காயப்போட மாடிக்குப் போனவர், நீங்கள் வாரிக் கட்டியதையும் சாக்கை இழுத்து வைத்ததையும் பார்த்திருக்கிறார். குப்பை என்று நினைத்துக்கொண்டாராம். "நீ ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப நிஜத்தச் சொல்வேன்னு பாத்தேன். நீ அவனுக்காக என் கால்ல விழுறே. கை வெந்தது கூட அவ்ளோ எரியல லா, அமுதா. அதான் திரும்பிப் படுத்தேன்" என்றார்.

எனக்கே தெரியாது என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. உங்கள் கடிதங்களை எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டுத் திரும்ப என் கையில் வைத்தார். பிறகு, "உக்காரு, தேத்தண்ணி போடறேன்" என்றார். ஒரு கையால் போட்டார். நான் போடுகிறேன் என்றதற்கு விடவில்லை.

அக்கா போலீசுக்குப் போகப்போவதில்லை. நானும் தாமானில் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டியது உங்கள் வேலை. இதை உங்கள் கேட்டில் இருக்கிற தபால் பெட்டியில் போடுகிறேன். இங்கே வருவதற்குப் பத்தடி. வந்து, அந்தக் கையைப் பார்த்து, "நான்தான் வைத்தேன்" என்று சொல்லுங்கள். இரண்டு வார்த்தை. எட்டு மணி வரை இருப்பேன்.

அமுதவள்ளி


ஸ்ரீ கெம்பாங்கான்
1 டிசம்பர் 2024

திரு. முகுந்தன் அவர்களுக்கு,

நேற்று ஆறரைக்கு நீங்கள் பெட்டியைத் திறந்ததை அக்கா வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். கேட்டருகே நின்றபடியே இரண்டு பக்கமும் படித்தீர்கள். எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தீர்கள். அக்கா எழுந்து தன் வாசற்கதவைத் திறந்து வைத்தார். நீங்கள் உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டீர்கள்.

எட்டு மணி வரை அந்தக் கதவு திறந்தே இருந்தது.

வரும் சனிக்கிழமை சந்திரகலாவின் வீட்டுக்காரர் லோரியோடு வருவார். என் துணிகளையும் முறுக்குச் சுடும் பெரிய குவாலியையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அமுதவள்ளி