வெள்ளைப் பூ

அம்சா,

உன் அத்தை மகன், பரந்தாமன் பாவா, மதியம் சாப்பிட வருகிறார். குழம்பு மூடி வைத்திருக்கிறேன். மோர் மட்டும் வாங்கிக்கொள்.

நேற்று உன் அம்மா சொன்னதிலிருந்துதான் நான் பேசவில்லை. “அம்சாகிட்ட பரந்தாமனா, நீங்களான்னு கேட்டா ‘தெரில’ன்னா. உங்களுக்கு ரயில்வேல வேலை கெடச்சுதுன்னேன், அப்பவும் ‘தெரில’. கடைசில மலைமேல சாமி முன்னால பூ போட்டுப் பாத்தோம். வெள்ளை வந்துச்சு, நீங்க மாப்ளையாயிட்டீங்க!”

இருவரும் உனக்குச் சமமாக இருந்திருந்தால் அந்த வேலையே உன்னை என் பக்கம் சாய்த்திருக்கும். அப்போதும் ‘தெரில’ என்றாய்; சமமும் இல்லை, ஒருவர் உயர்த்தியும் இல்லை. சிவப்புப் பூ வந்திருந்தால் அவரோடும் இப்படியே சிரித்து வாழ்ந்திருப்பாய்.

நானா, அவரா? சாயங்காலம் கேட்பேன். பூ இல்லாமல் சொல்.

இளங்கோவன்

பி.கு.: அவசரமில்லை. அவரை நன்றாகப் பார்த்துவிட்டே சொல்.

வேண்டாம். பார்க்காமலே சொல்.