நரி முகத்தில் முழிக்கப் போன ஞாயிறு

மார்கழி கடைசி சனி

காலையில் பனி, எதிர்வீடு தெரியவில்லை. மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்வெட்டரா, குடையா என்று முடிவு பண்ணவிடாத வானம். மூக்கு ஒழுகல்.

இன்று மானம் போன விவரம்: தயாளன் வீட்டு சோபா மேல் ஏறி நின்றேன். செருப்போடு. காரணம், நாய்.

தயாளன் என்பவர், போன மாசம் என் மகள் ரேவதியைப் பெண் பார்த்துவிட்டுப் போன பையனின் அப்பா. படப்பையில் பிளாட் போட்டு விற்கிறவர். இனி தயா. முழுப் பெயர் எழுதுகிற அளவுக்கு மரியாதை வரவில்லை.

நாலு வேட்டை நாய். ராஜா, ராணி, மந்திரி, பிரின்ஸ். அவற்றுக்கு ஏ.சி. ரூம், கறிச்சோறு. மந்திரி என் பேன்ட்டை மோந்து பார்த்தது, நான் சோபாவில். டீ கொட்டி டீப்பாய் மேல். தயா. சிரித்தார், தொப்பை தனியாகச் சிரித்தது.

"இன்னா சம்பந்தி, நாயின்னா அவ்ளோ பயமா? நாளைக்கு நம்மகூட நரி வேட்டைக்கு வர்றீங்க. பயம்லாம் வுட்டுப் பூடும்."

சம்பந்தியாம். நாங்கள் இன்னும் சரி என்றே சொல்லவில்லை. மார்கழியில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாதாம், வேட்டைக்குப் பரவாயில்லையாம். தை பிறந்ததும் பூ வைக்க வருவாராம். அதற்குள் பதில் வேண்டுமாம்.

வேட்டை எதற்கு? தை முதல் நாள் வாலாஜாபாத் ரோட்டில் இவருடைய புது மனைப் பிரிவு திறப்பு. அன்று நரி முகத்தில் முழித்தால் பிளாட் எல்லாம் விற்றுப் போகும் என்று எந்த மேதையோ சொல்லியிருக்கிறான். அதனால் நரியை உயிரோடு பிடித்துக் கூண்டில் வைக்கப் போகிறார். பிடிக்கப் போவது நாலு நாய். குதறின பிறகு எந்த முகம் மிஞ்சும்? கேட்கவில்லை. சட்டப்படி குற்றமாச்சே என்று மட்டும் இழுத்தேன். "யாருனா கேட்டா முயலுக்குப் போறோம்னு சொல்லிக்கலாம்" என்றார். அதுவும் குற்றம்தான். இந்த மூளையோடு இவர் கட்சி நடத்தவில்லை, ஊருக்கு நல்லது.

பையன் சதீஷ். ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ். கதவோரமாகவே நின்றான். பீரோ மாதிரி. வாயைத் திறக்கவில்லை.

சாப்பிடும்போது ரேவதி: "அப்பா, அவன் என்கிட்ட பேசினதே 'தண்ணி வேணுமா'ன்னு மட்டுந்தான். சுபாவம் அப்டின்னா பரவால்ல. அவங்க அப்பாவுக்கு பயந்துகினு வாய மூடிகினு கீறான்னா எனக்கு வேணாம். காலம்பூரா அந்த ஆளு கூட நான்தான் மல்லுக்கு நிக்கணும். நீ போய் பாத்துட்டு வா."

நியாயம். நாள் முழுக்க கம்பெனி லைனில் உட்கார்ந்து செல்போன் பார்ட்டுக்கு பாஸ், ரிஜெக்ட் போடுகிறவள். இப்போது என்னை இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்புகிறாள்.

எடுத்துப் போக: குரங்குக் குல்லா, குடை, கம்பெனி சேஃப்டி ஷூ (நாய் கடித்தாலும் இரும்புதான் கடிபடும்).

ஞாயிறு

பனி. வல்லம் வடகாலுக்குப் பின்னால் ஏரி. கரைக்கு இந்தப் பக்கம் கருவேல முள், அந்தப் பக்கம் கம்பெனிகள். தயா. மிலிட்டரி சட்டை, கழுத்தில் விசில், அந்தப் பனியிலும் கூலிங் கிளாஸ். கூடவே அவர் ஆபீஸ் ஆட்கள் ரெண்டு பேர். வேலை: "அண்ணன் குறி தப்பாது" என்று சொல்வது. துப்பாக்கியே கிடையாது.

நாய்களை அவிழ்த்தார்கள். அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். வில் மாதிரி முதுகு. அந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் ஷிப்ட் சங்கு ஊதியது. ராஜா ஜீப்புக்கு அடியில். ராணி ராஜாவுக்குப் பின்னால். மந்திரியை ஊர்நாய்கள் சூழ்ந்துகொண்டு ரோடு வரை விரட்டின. பாதிக் காலை நாங்கள் வேட்டையாடியது எங்கள் நாயைத்தான்.

தயா. பையனிடம், எல்லார் எதிரிலும்: "டேய் மண்ணு! ஒரு நாய புடிக்கத் தெரில, நீயெல்லாம் இன்னாத்துக்குடா ஆம்பள?"

"சரிப்பா."

மனசுக்குள் ரிஜெக்ட் சீட்டு ஒட்டினேன்.

வெயில். ஸ்வெட்டரைக் கழற்றினேன். தூறல். மாட்டினேன். திரும்ப வெயில். கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"நரிண்ணா! தோ நரி!" ஆபீஸ் ஆள் கத்தினான். பிரின்ஸ் மட்டும் நிஜமாக ஓடியது, சதீஷ் அதன் பின்னால். தயா. விசில் ஊதினார், யாருக்கு என்று அவருக்கே தெரியாது. எல்லாரும் கரைமேல் ஓட்டம். நான் ஓடவில்லை. குளிருக்கு விடிந்ததிலிருந்து அடக்கி வைத்தது முட்டியது. கால்வாய் வேலைக்கு இறக்கியிருந்த பெரிய சிமென்ட் குழாய்களுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

பாதியில் வந்தது நரி. என்னைத் தாண்டி நேராகக் குழாய்க்குள். மறுபக்கம் மண் மூடிக் கிடந்தது, வழியில்லை. திரும்பி என்னைப் பார்த்தது. நான் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு காது கிழிசல். நனைந்த துடைப்பம் மாதிரி வால். வயிறு ஏறி இறங்கியது. இரண்டு பேரும் அசையவில்லை. யாருக்கு அதிகப் பயம் என்று சொல்ல முடியாது.

சதீஷ் வந்தான், பிரின்ஸைக் கழுத்துப் பட்டையில் பிடித்துக்கொண்டு. அது குழாய்ப் பக்கமே இழுத்தது. குனிந்து உள்ளே பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அங்கிள், ஜிப்பு" என்றான், மெதுவாக.

அப்புறம் குழாய் வாயை அடைத்த மாதிரி உட்கார்ந்தான், முதுகு உள்பக்கம். பிரின்ஸின் மூஞ்சியை மடியில் அழுத்திக்கொண்டு, பாக்கெட்டிலிருந்து பிஸ்கட்.

தயா. மூச்சிரைக்க வந்தார். "எங்கடா?"

"ரோட்ட தாண்டி கம்பெனி காம்பவுண்டுக்குள்ள பூந்துச்சிப்பா."

"நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

"கால் சுளுக்கிச்சி."

"இது ஏன் முனகுது?"

"மழை."

தூறல் வலுத்திருந்தது. "எழுந்திர்ரா. போய் தேடு." பையனின் தலையில் ஒரு தட்டு, தொப்பி சேற்றில்.

"முடியாதுப்பா."

ஆபீஸ் ஆட்கள் வானத்தைப் பார்த்தார்கள். தயா.வுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "இன்னா சொன்ன?"

"முடியாதுன்னேன். நீங்க போங்க, நான் அப்பறம் வர்றேன்." பிரின்ஸின் பட்டையை இறுக்கிப் பிடித்தான். ஆள் நகரவில்லை.

தயா. என் பக்கம் திரும்பினார். "சம்பந்தி, நீங்க இங்கதான இருந்தீங்க? பாத்தீங்களா?"

"நான் ஒண்ணுக்குப் போய்கினு இருந்தேன் சார்."

எல்லாரும் சிரித்தார்கள், தயா.வும்தான். மானம் போவதில் ஒரு வசதி, அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

கொட்டும் மழையில் ஜீப்புக்குத் திரும்பினோம். நரிக்குக் கொண்டுவந்த கூண்டுக்குள் ராணி ஏறிப் படுத்திருந்தது. திறப்பு விழாவுக்கு அந்த முகம் போதும். சதீஷ் கடைசியாக வந்தான், சாதாரணமாக நடந்து. நான் கண்ணைக் காட்டினேன். அப்புறம் நொண்டினான்.

திங்கள்

வெயில், சொட்டு மழை இல்லை. எனக்கு மட்டும் சளி. லீவு போடவில்லை. நரி வேட்டைக்குப் போய் மழையில் நனைந்தேன் என்று சூப்பர்வைசரிடம் எப்படிச் சொல்வது?

ரேவதி: "இன்னாப்பா, பாஸா ரிஜெக்டா?"

"பாஸ்."

"பேசறானா?"

"தேவைன்னா பேசறான். அவங்க அப்பாகிட்ட முடியாதுன்னு சொன்னான், என் காதால கேட்டேன்."

"எதுக்கு?"

"அத அவன்கிட்டயே கேளு."

நான் சொல்லலாம். ஆனால் என் வீட்டுக்காரி கோமதி பக்கத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்தால் தண்ணி லாரி வருவதற்குள் தெருவுக்கே தெரியும், அடுத்த நாள் படப்பைக்கும். ரேவதி போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். ரொம்ப நேரம் இறங்கி வரவில்லை.

சாயங்காலம் தயா.வுக்கு போன் போட்டு, எங்களுக்குச் சம்மதம் என்றேன்.

"ரொம்ப சந்தோஷம் சம்பந்தி. ஆனா மனசு ஆறல. எங்கூட்டு மண்ணு பண்ண வேலையில நரி மூஞ்சி என் கண்லயே படலயே. எவன் பாத்தானோ, குடுத்து வெச்சவன்."

"ஆமாம் சார்" என்றேன்.

தொண்டை வரை வந்து நின்றது: பார்த்தவன் நான்தான்யா. அது இருந்தது உன் பிள்ளை முதுகுக்குப் பின்னால்.