நாக்கில் பட்ட துவர்ப்பு

1926 மார்ச்சு 7, ஞாயிறு

பூசைக்குப் போனேன். எல்லாரும் நன்மை வாங்க, சுவாமியார் நாக்கில் வைக்கும் ஆண்டவரின் அப்பத்தை வாங்க, பீடத்து முன் கிராதிக்குப் போனார்கள். நான் தூணோடு தூணாக நின்றேன். மகள் செசிலி கண்ணை மூடி மூன்று வருஷம். நான் நன்மை வாங்கியும் அவ்வளவு காலம் ஆகிறது. கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொள்கிறவரிடம் வாயைத் திறந்து எதை வாங்க? மனைவி சலேத்து வீடு வரும்வரை எனக்கு முன்னாலேயே நடந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அவள் படுகிற பாடு!

மார்ச்சு 16

சாயபுமாருக்கு நோன்பு தொடங்கிவிட்டது. எங்கள் தோல் ஷாப் முதலாளி மக்பூல் அகமது சாயபு, தோல் பதனிடும் ஆவாரம்பட்டைச் சாற்றின் பதத்தைத் தாமே நாக்கில் வைத்துப் பார்ப்பார். நோன்பு மாதத்தில் மட்டும் அது என் வேலை.

"இந்த மாசம் உன் நாக்குதான் என் நாக்கு, மேஸ்திரி" என்றார்.

தொடுவேன், சுவைப்பேன், துப்புவேன். எவ்வளவு கொப்பளித்தாலும் துவர்ப்பு போகாது. முத்தம் கொடுத்தால் செசிலி முகத்தைச் சுளிப்பாள்: "உன் வாய் துவர்க்குதுப்பா!"

மார்ச்சு 19, சூசையப்பர் திருநாள்

விடியற்காலையில் ஒரு கனவு. ஷாப்பில் தோல் ஊறும் தொட்டித் தண்ணீரின்மேல் செசிலி நடந்து வந்தாள். பாவாடை ஆவாரம்பூ மஞ்சள். "நாக்க நீட்டு" என்று ஏதோ வைத்தாள். ருசி தெரியுமுன் விழித்துவிட்டேன்.

நாள் முழுக்க வாயில் அந்த ருசியைத் தேடிக்கொண்டிருந்தேன். வெள்ளி லீவானாலும் தோல்களைப் புரட்டாமல் விட முடியாது; புரட்டும்போது மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரம் தானாக வாயில் வந்தது. பாதியில் நின்றுவிட்டது. இருந்தாலும் வந்ததே! கேட்காமல் வருவதைத்தான் தேவ இஷ்டப்பிரசாதம் என்கிறார்களோ? எனக்கெங்கே தெரியும்.

மார்ச்சு 20

சலேத்திடம் சொல்லிவிட்டேன் — ஆண்டவர் உயிர்த்த பாஸ்குவுக்கு நன்மை வாங்கப் போகிறேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஏப்ரல் 3, பெரிய சனி

பாவசங்கீர்த்தனம் செய்தேன். "ஆண்டவர்மேல கோபம், சாமி." சுவாமியார், "கோபத்தோடவே வா" என்றார். பாதி ராத்திரி முதல் நன்மை வாங்கும்வரை நாக்கில் பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது.

ஏப்ரல் 4, பாஸ்கு

கெடுத்துக்கிட்டேன். நானே கெடுத்துக்கிட்டேன்.

சலேத்து முன்னாடியே போய்விட்டாள். கோயிலுக்குப் போகிற வழியில்தான் ஷாப். வெள்ளிதான் அங்கே லீவு. வாசலில் நின்ற சாயபு கூப்பிட்டார். "மூணாந் தொட்டி புளிச்சுப்போச்சா பாரு. நான் நோன்பு." விரலை விட்டேன், நாக்கில் வைத்தேன். துப்பினேன். அப்புறம்தான் நினைவு வந்தது.

"இன்னா மேஸ்திரி, முகம் வெளுத்துப்போச்சு?"

"நானும் இன்னிக்கு நோன்பு, பாய்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "மறந்து செஞ்சா எங்கள்ல நோன்பு போவாது." எங்களில் போகும். ஒரு சொட்டாவது உள்ளே இறங்கியிருந்தால்? இறங்கவில்லை என்று சத்தியம் பண்ண முடியவில்லை.

மறுபடியும் தூணோடு நின்றேன். கிராதியிலிருந்து சலேத்து திரும்பிப் பார்த்த பார்வை... மறுபடி மனசு மாறிவிட்டேன் என்று நினைத்தாள். வெளியே வந்து நடந்ததைச் சொன்னதும் அழுதாள், சிரித்தாள்.

மூன்று வருஷமாக இதே தூண்தான். ஒருநாளும் வலித்ததில்லை. இன்று கிராதிவரை இருந்த பத்தடி என்னைக் கொன்றுவிட்டது. பசியை மறந்தவனுக்குப் பசி எடுக்கிறது, ஆண்டவரே.

ஏப்ரல் 7

சுவாமியாரிடம் சொன்னேன். சிரித்தார். "துப்பினாய் அல்லவா? போதும். ஞாயிறு வா."

ஏப்ரல் 11, ஞாயிறு

ஷாப் கதவு சாத்தியிருந்தது. குறுக்கே நாற்காலி போட்டு சாயபு உட்கார்ந்திருந்தார். நோன்பில் உதடு வெடித்திருந்தது.

"இந்தப் பக்கம் பாக்காதே. நேரா போ. எனக்கும் சேத்து துவா கேளு."

"தொட்டி, பாய்?"

"புளிச்சா புளிக்கட்டும்! போய்ட்டு வா."

சலேத்து பக்கத்தில் முழங்காலிட்டேன். வாயைத் திறந்தேன். இந்த மாதம் முழுக்க என் நாக்கில் பட்டைத் துவர்ப்பு இல்லாத நாளே கிடையாது. அந்தத் துவர்ப்பின் மேல்தான் ஆண்டவர் வந்து இறங்கினார்.

முகம் சுளிக்கவில்லை, செசிலி.